கறுப்பன் ஏன் அழுகிறான்?

சென்ற மாதம் வந்த கடிதக் கட்டில் பெரும்பாலும் கோழிச் சீக்கும் பூனைச் சொறியும்தான். அவற்றுக்கு நடுவே நான்கு பக்கக் கடிதம் ஒன்று, இரு புறமும் நெருக்கி எழுதியது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயார் ஒருவர் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் மை கலைந்திருந்தது. மழையில் நனைந்ததா, வேறு எதிலுமா என்று நான் ஆராயவில்லை.

அவருடைய மகனும் மருமகளும் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரில் வேலை பார்க்கிறார்கள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வாரத்தில்தான் தாயாரும் மூன்று மாதம் தங்கிவரப் போய்ச் சேர்ந்தார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இந்த அம்மாவும் நாயும்தான். நாய்க்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் இருந்ததாம். இவர் "கறுப்பா" என்று கூப்பிட்டார். மூன்றாம் நாளே அது திரும்பிப் பார்த்ததாம்.

இனி அவர் வார்த்தையிலேயே: "நான் இருந்தவரை ஒரு சத்தம் கிடையாது ஐயா. நான் சமைத்தால் அடுப்படியில் படுத்திருக்கும். நான் குளித்தால் கதவோரம் நிற்கும். நான் ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து, இவர்கள் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறதாம். வாசற்கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம். வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்துவிட்டார். இந்த மாதத்துக்குள் அடங்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்கிறான் மகன். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா?"

அம்மா, இல்லை. நீங்கள் கெடுக்கவில்லை. ஆனால் ஒன்றை யாருமே அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தனியாக இருப்பது எப்படி என்பதை.

கிரேஹவுண்டை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, குதிரைக்குட்டி போன்ற கால்கள். பாட்டன்மார் ஊரான தென் தமிழ்நாட்டில் முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்கள் இதைப் பார்த்தால், அதே சாயல் என்பார்கள். இரண்டுமே மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் வகை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலே பாயும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் இதைப் பந்தயத்தில் விட்டுப் பணம் கட்டினார்கள்.

பந்தய நாய் வளரும் விதத்தைக் கவனியுங்கள். குட்டியாக இருக்கும்போது உடன்பிறந்த குட்டிகளோடு கும்பலாக வளரும். பிறகு கொட்டடி. பக்கத்துக் கூண்டில் ஒரு நாய், எதிர்க் கூண்டில் ஒரு நாய். இரவு முழுக்க மூச்சுச் சத்தம், புரளும் சத்தம். விடிந்தால் தீனி, பிறகு பயிற்சி, பிறகு ஓய்வு, எல்லாம் மணி அடித்தாற்போல நடக்கும். ஒன்றரை வயதுவாக்கில் பந்தயத்துக்கு இறங்கும். நாலு, ஐந்து வயதில் பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதாவது பாதி ஆயுளுக்கு மேல் மிச்சம் இருக்கையில், முன்பின் பார்த்திராத ஒரு வீட்டுக்குள் அது வந்து நிற்கிறது.

அந்த வீட்டில் எல்லாமே புதுசு. மாடிப்படி ஏறியதில்லை. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாது, நேரே போய் முட்டிக்கொள்ளும். பளபளக்கும் தரையில் கால் வழுக்கும். தொலைக்காட்சியில் பேசுகிற மனிதன் எங்கிருந்து வந்தான் என்று புரியாது. இவை கொஞ்ச நாளில் பழகிவிடும். வழுக்கும் தரையில் இரண்டு பாய் போட்டால் போதும். ஆனால் வாழ்நாளில் முதன்முறையாக, தன் இனத்தின் மூச்சுச் சத்தம் கூட இல்லாத ஓர் அறையில் கதவு மூடப்படுகிறதே, அது இலேசில் பழகாது.

மக்காவில் ஒரு பந்தயத் திடல் இருந்தது. 1931இல் திறந்து, இடையில் நின்று, 1963இல் மறுபடி தொடங்கி, 2018இல் மூடப்பட்டது. மூடிய நாளில் 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் அங்கே மீந்து நின்றன. பல நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் அதே 2018இல் பந்தயத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆக, பந்தயம் விட்ட நாய்கள் வீடு தேடி வந்துகொண்டே இருக்கின்றன. நம் பிள்ளைகளும் அந்த நாடுகளில் இருக்கிறார்கள். இந்தக் கடிதம் எனக்கு வரும் கடைசிக் கடிதமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கறுப்பன் விஷயம். புது வீட்டுக்கு வந்தான். பயந்தான். ஒரு புடவைத் தலைப்பைக் கண்டான், அதைப் பற்றிக்கொண்டான். மூன்று மாதத்தில் ஐந்து நிமிடம் கூட அது அவன் கண்ணை விட்டு அகலவில்லை. பிறகு ஒருநாள் பெட்டியோடு அந்தப் புடவைத் தலைப்பு போய்விட்டது. மறுநாள் காலை மற்ற இருவரும் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவர்தான் திரும்பவே இல்லையே!

இதைத் திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் மகன் ஒருமுறை செய்தித்தாளைச் சுருட்டி அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். "செய்த தப்பு அதற்குத் தெரிகிறது ஐயா, என் மகனைக் கண்டதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒடுங்குகிறதாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம்மில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். 2009இல் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்து வெளியிட்டார். தப்புச் செய்த நாயும் செய்யாத நாயும், எசமானர் திட்டினால் ஒரே மாதிரிதான் ஒடுங்கின. திட்டாதபோது தப்புச் செய்த நாய் கூட அப்படி ஒடுங்கவில்லை. அது குற்ற உணர்ச்சி அல்ல. நம் முகத்தைப் பார்த்து வருகிற பயம். காலை எட்டு மணிக்குக் கதவைப் பிறாண்டியதற்கு மாலை ஆறு மணிக்கு அடித்தால், அதற்கு விளங்குவது ஒன்றே ஒன்று: போகும்போது பயம், வரும்போதும் பயம்.

சொல்வதற்கு எனக்கே கூச்சம்தான். லயத்து வீட்டில் இருந்தபோது நாங்களும் மணி என்று ஒரு நாய் வைத்திருந்தோம். நான் பெரட்டுக்குக் கிளம்பினால் கதவைப் பிறாண்டும். ஒரு நாள் பிரம்பால் இரண்டு வைத்தேன். மறுநாள் வாளிச் சத்தம் கேட்டவுடனேயே கட்டிலுக்கடியில் போய் நடுங்கிற்று. பார், அடங்கிவிட்டது என்று அன்றைக்கு நான் பெருமையாகச் சொன்னேன்.

அந்த வாளிச் சத்தத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாய்க்குக் கடிகாரம் தெரியாது, ஆனால் நாம் புறப்படும் அடையாளங்களை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும். நமக்கு வாளியும் உளியும். மெல்பர்னில் கார்ச் சாவியும் காலணியும். சாவி கிணுங்கியதுமே கறுப்பனுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருக்கும். வைத்தியத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். முதலில், பழைய கைத்தொலைபேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, அவர்கள் போனபின் நடப்பதைப் படம் பிடிக்கட்டும். மூச்சு வாங்குகிறதா, அங்குமிங்கும் நடக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, உதட்டை நக்கிக் கொட்டாவி விடுகிறதா, வால் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். விருப்பமான இறைச்சித் துண்டை வைத்துவிட்டுப் போனாலும் அதைத் தொடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால், அது பதற்றம்தான். வேடிக்கைக்குக் கடித்துக் குதறுகிற நாய் முதலில் இறைச்சியைத் தின்றுவிட்டுத்தான் செருப்புக்கு வரும். பதற்றம் பெரும்பாலும் ஆள் போன அரை மணிக்குள்ளேயே உச்சத்துக்கு ஏறிவிடும். எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த நிமிடம்தான் கணக்குக்கு அடிப்படை.

அடுத்து, சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்காரட்டும். காலணி மாட்டிக்கொண்டு தேநீர் கலக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. சாவி கிணுங்கினால் பிரிவு என்றிருந்தது, சாவி கிணுங்கினால் ஒன்றுமில்லை என்று ஆக வேண்டும். நாய் தலையைத் தூக்கிப் பார்க்காத அளவுக்கு அது சப்பென்று போன பிறகு, கதவுக்கு வெளியே போய் ஐந்து நொடி. உள்ளே வரலாம். கொஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம், பேசாமல் வந்து உட்காரட்டும். பிறகு பத்து நொடி. பிறகு ஏழு. பிறகு இருபது. ஏறிக்கொண்டே போகக் கூடாது, ஏற்றமும் இறக்கமுமாக இருந்தால்தான் அடுத்தது எவ்வளவு என்று அது எதிர்பார்த்துப் பதறாது. முக்கியமான ஒன்று: அது பதறத் தொடங்குமுன் திரும்பி வந்துவிட வேண்டும். பதறினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். முந்தைய அளவுக்கு இறங்கிப் போக வேண்டியதுதான். முதல் அரை மணி நேரத்துக்குப் பழக்குவதுதான் மலை ஏறுவது மாதிரி. அதற்குப் பின் பெரிய அடியாக வைக்கலாம். சில நாய்க்குச் சில வாரம். சில நாய்க்கு மாதக் கணக்கு.

"அதுவரை வேலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்பான் உங்கள் மகன். நியாயமான கேள்வி. இந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் கறுப்பனை முழுநாள் தனியே விட்டால், காலையில் கட்டியதை மத்தியானம் இடித்த கதைதான். இருவரும் விடுப்பை மாற்றி மாற்றி எடுக்கலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தால் பார்க்கலாம். பகல் பொழுதுக்கு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அங்கே உண்டு, செலவு பிடிக்கும். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடமே போய், "பயத்தில் அழுகிறது, பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லலாம். மதிய வேளையில் வீட்டிலிருக்கும் ஒரு முதியவர் அந்தத் தெருவில் இருந்தாலும் போதும். ஊளை கேட்கிற மனிதருக்குக் காரணம் தெரிந்தால் காது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

கூண்டில் அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொட்டடியில் வளர்ந்ததாயிற்றே என்று தோன்றும். ஆனால் அந்தக் கூண்டைச் சுற்றித் துணை இருந்தது. இப்போது தனியே அடைத்தால், பிறாண்டுகிற நகம் கம்பியில் மாட்டும், பல் உடையும். அடைக்க வேண்டாம். ஒரு மூலையில் தடித்த மெத்தை போட்டு, மகனின் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் போடலாம். வானொலி மெதுவாகப் பாடட்டும். உங்கள் குரலைக் கைத்தொலைபேசியில் கேட்டதும் கறுப்பன் அதன் பின்புறம் போய்த் தேடினான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. ஆள் இல்லாமல் குரல் மட்டும் கேட்டால் அது இன்னும் தேடும். வீட்டில் மகனோ மருமகளோ இருக்கும்போது மட்டும் பேசுங்கள்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்பதற்கும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் வளர்ந்த சில கிரேஹவுண்டுக்கு அது உதவும். ஆனால் கறுப்பன் அழுவது நாய்க்காகவா மனிதருக்காகவா என்று தெரிய வேண்டும். தெரிந்தவர் நாயை ஒரு வாரம் கொண்டுவந்து வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும். இல்லையென்றால் ஊளையிடுவது இரண்டாகிவிடும்.

மிருக வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவது மூத்திரக் கோளாறாகவும் இருக்கலாம். பந்தய நாய்களுக்குப் பல் கெட்டிருப்பதும் காலில் பழைய அடி இருப்பதும் சகஜம். வலி இருந்தால் பயம் இரட்டிப்பாகும். பதற்றம் கடுமையாக இருந்தால் ஃபுளுவாக்ஸெட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளை வைத்தியர் கொடுப்பார். அவை மயக்கிப் படுக்க வைக்கிற மருந்தல்ல. பிடித்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியோடு சேர்ந்தால்தான் பலன். மருந்து கொடுப்பது நாய்க்குப் பைத்தியப் பட்டம் கட்டுவதல்ல. மனிதர் மாத்திரையை வீட்டிலேயே உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. இன்னொன்று, கிரேஹவுண்டின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. சிலவகை மயக்க மருந்து அதன் உடம்பை விட்டு நீங்க மற்ற நாயைவிட அதிக நேரம் பிடிக்கும். எந்த ஊர் வைத்தியரிடம் போனாலும் இது கிரேஹவுண்ட் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதே கொழுப்புக் குறைவால் குளிரும் தாங்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மெல்பர்னில் குளிர்காலம். அப்போது நடுங்கினால் பயமா குளிரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு சட்டை தைத்துப் போட்டாலே பாதி நடுக்கம் நிற்கலாம். உங்களுக்குத்தான் தையல் வருமே. "என் மேல் சாய்ந்துகொண்டு பல்லைக் கடகடவென்று அடித்தது, ஜன்னியோ என்று பயந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னி இல்லை அம்மா. உடம்பு முழுக்கச் சாய்ந்து நிற்பது அந்த இனத்தின் பாசம். அப்போது பல்லடித்தால் பெரும்பாலும் சந்தோஷம்தான்.

மருமகள் முழுகாமல் இருப்பதாகச் சொல்லியிருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டடியில் தூங்கும் நாயை யாரும் தொட்டு எழுப்புவதில்லை. ஆகவே தூக்கத்தில் சட்டென்று தொட்டால் சில கிரேஹவுண்டுகள் திடுக்கிட்டு உறுமும், கடிக்கவும் பாயும். கண்ணைத் திறந்தபடியே தூங்குவதும் உண்டு என்பதால் விழித்திருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தூக்கிய பிறகே அருகில் போக வேண்டும். குழந்தை தவழும் இடம் வேறு, நாயின் மெத்தை வேறு என்று இப்போதிருந்தே பிரித்து வைக்கட்டும். வெளியே கூட்டிப் போகையில் கயிற்றை விடவே கூடாது. விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் வளர்ப்புக் கிரேஹவுண்டுக்கு வாய்ப்பூட்டு தேவையில்லை என்று ஆக்கினார்கள். கயிறு மட்டும் கட்டாயமாகவே இருந்தது. கழுத்தைவிடத் தலை ஒடுக்கமாக இருப்பதால் சாதாரணப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டை அதற்கென்றே விற்கிறது. பயந்து ஓடுகிற கிரேஹவுண்டைப் பிடிக்க இன்னொரு கிரேஹவுண்ட்தான் வேண்டும்.

கிரேஹவுண்ட் இல்லாத வீட்டாரும் இதுவரை படித்திருந்தால், உங்கள் வீட்டு நாட்டு நாய்க்கும் இந்தக் கணக்கு செல்லும். சிங்கப்பூரில் 1972இல் பட்டாசுக்குத் தடை போட்டார்கள், அங்கே நாய்களுக்குத் தீபாவளி நிம்மதி. இந்தப் பக்கம் அப்படியில்லை. வெடிச் சத்தத்திலும் இடியிலும் கட்டிலுக்கடியில் ஒளிகிற நாயை வெளியே இழுக்காதீர்கள். சன்னலை மூடி, வானொலியை வைத்து, பக்கத்தில் உட்காருங்கள். தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வார்கள். வளராது. பயந்த குழந்தையை மடியில் வைத்தால் பயந்தாங்கொள்ளியாகிவிடுமா?

எங்கள் மணிக்கு நான் இதையெல்லாம் செய்யவில்லை. தோட்டம் கைமாறி நாங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடி போனபோது, நாய் கூடாது என்றார்கள். லாரிக்குப் பின்னால் செம்மண் சாலை முடியும் வரை ஓடி வந்தது. லயத்தில் யாராவது சோறு போடுவார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பூட்டிய எங்கள் வீட்டு வாசலிலேயே படுத்திருந்தது, போட்ட சோற்றைத் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்கள் மகன் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு முறை முழுதாக முயன்று பார்க்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். முயன்றும் முடியாவிட்டால், பகலில் ஆள் இருக்கிற வேறு வீட்டுக்குக் கொடுப்பது பாவமில்லை. தெருவில் விடுவதும், முயலாமல் கொடுப்பதும் வேறு.

பேறுகாலத்துக்கு மறுபடி போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. போன முதல் நாளே கறுப்பன் உங்கள் மேல் சாய்வான், சாயட்டும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து, குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். குப்பை போட வெளியே போனால் அவனை விட்டுப் போங்கள். பிறகு தெருமுனை வரை, பிறகு கடை வரை. மகனிடம் வீட்டுச் சாவியில் ஒன்று வாங்கி உங்கள் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். அது கிணுங்கினால் இந்த அம்மா போவார், திரும்பி வருவார் என்று அவன் பழகட்டும். ஊர் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே, பகல் பொழுதில் சில மணி நேரம் அவன் தனியே தூங்கப் பழகியிருக்க வேண்டும். சாப்பாட்டில் வெங்காயம் மட்டும் சேர்க்காதீர்கள், நாய்க்கு அது நஞ்சு. நீங்கள் மிச்சக் குழம்பு ஊற்றியிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போய்ப் பார்த்து எழுதுங்கள். கோழிச் சீக்குப் பற்றிக் கேட்ட அன்பர்களுக்கு அடுத்த இதழில் பதில்.